கழுத்துக் கருமைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

இம்மாத உடல்நலப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது பின்கழுத்து. சிரிக்க வேண்டாம். தைப்பூசத்தில் முடியிறக்கி, தலை நிறையச் சந்தனம் பூசி நிற்கும் நம் தம்பிகளைப் பின்னாலிருந்து பாருங்கள். சிலருக்குக் கழுத்தில் ஒரு பட்டை, மற்ற இடத்தைவிடக் கருத்து, கொஞ்சம் தடித்து இருக்கும். முடி இருந்தவரை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்ததும் வீட்டில் வரும் முதல் வார்த்தை, "ஏண்டா, ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கிறதில்லையா?" பெண்பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். கோயிலுக்குக் கொண்டை போட்டுக்கொண்டு போகவே தயங்குகிறார்கள்.

போன முகாமில் ஐந்தாம் படிவத் தம்பி ஒருவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்: "அண்ணே, வலிக்கல, அரிக்கல. இதுக்குப் போயி டாக்டர்கிட்ட நின்னா சிரிக்க மாட்டாங்களா?" நியாயமான கேள்வி. சிரிக்க மாட்டார்கள். இதற்காக ராத்திரியோடு ராத்திரியாக அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒரு தடவை போய் இரத்தம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஏன் என்பதுதான் இந்தப் பாடம்.

நான் சொல்லும் கருமை எப்படி இருக்கும்? தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். கோடு கோடாக மடிப்பு தெரியும். ஓரம் பளிச்சென்று முடியாமல் மெல்ல மங்கிக் கலந்துவிடும். பெரும்பாலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் இதே நிறம் இருக்கும். பக்கத்திலேயே சின்னச் சின்னத் தொங்கு மருக்களும் இருக்கலாம். சோப்பு போட்டால் போகாது. சங்கிலி ஒத்துக்கொள்ளாமல் வரும் கருமையில் அரிப்பு இருக்கும். தேமலில் செதில் உதிரும். அவை வேறு சங்கதி. மருத்துவத்தில் நம் விஷயத்துக்கு அகந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர். பெயர்தான் பயமுறுத்துகிறது. இது ஒட்டாது, பரவாது, தன்னளவில் கெடுதலும் செய்யாது.

அப்படியானால் ஏன் போக வேண்டும்? உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாகி இரத்தத்தில் சேர்கின்றன. கணையம் இன்சுலினைச் சுரந்து, "எடுத்துக்கோ" என்று தசைக்கும் கல்லீரலுக்கும் சொல்கிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தாலோ, நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தாலோ, குடும்ப வாகினாலோ அந்த உறுப்புகளுக்குக் காது மந்தமாகிவிடுகிறது. கணையம் என்ன செய்யும்? சத்தத்தைக் கூட்டும். அதாவது இன்னும் அதிக இன்சுலின். அந்த மிகையான இன்சுலின் தோலில் உள்ள செல்களையும் தூண்டி, வேண்டாத அளவு பெருகச் செய்கிறது. தோல் தடிக்கிறது, தடித்த தோல் கருப்பாகத் தெரிகிறது. உள்ளிருந்து வருவதை வெளியிலிருந்து தேய்த்து எப்படி எடுப்பது? எலுமிச்சையும் பேக்கிங் சோடாவும் தோலைப் புண்ணாக்குவதுதான் மிச்சம். பெயர் தெரியாத வெளுப்பு கிரீம்கள் பக்கமே போகாதீர்கள். பாதரசம் கலந்த கிரீம்களைப் பற்றிச் சுகாதார அமைச்சு எத்தனையோ முறை எச்சரித்துவிட்டது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. பொறியியல் படிப்பவன் என்பதால் என் பாணியிலேயே சொல்கிறேன். அறையில் ஏர்கோனை 24 டிகிரியில் வைத்திருக்கிறீர்கள். ஃபில்டர் தூசியால் அடைத்துக்கொண்டது. ஆனாலும் சுவரில் தொங்கும் வெப்பமானி 24 என்றே காட்டும், ஏனென்றால் கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடி ஈடுகட்டுகிறது. வெப்பமானியைப் பார்த்தால் எல்லாம் சரி. கரண்ட் பில்லைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இரத்தச் சர்க்கரை அந்த வெப்பமானி. கணையம்தான் கம்ப்ரஸர். கழுத்தில் தெரிவது பில்.

அதனால்தான், "பாட்டி மெஷின்ல குத்திப் பார்த்தேன்ணே, 5.2தான், ஒண்ணுமில்ல" என்று ஒருவர் சொன்னால் எனக்கு அது போதவில்லை. சர்க்கரை இன்னும் ஏறவில்லை என்பது நல்ல சேதிதான். ஆனால் அது ஏறாமலிருக்கக் கணையம் எவ்வளவு பாடுபடுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. பல ஆண்டுகள் இப்படியே ஓடிக் களைத்த பிறகுதான் எண் ஏறத் தொடங்கும். கழுத்து அதற்கு முன்பே சொல்லிவிடுகிறது. வேறெந்த நோய் நமக்கு இவ்வளவு முன்கூட்டி, அதுவும் இலவசமாக, தகவல் தருகிறது?

நம்மவர்களுக்கு இது ஏன் கூடுதல் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேருக்கு ஒருவர். இன்னொன்றும் அதே ஆய்வில் இருக்கிறது: அந்த 18.3இல் 8.9 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. மாமா காலை எடுத்த பிறகும், அத்தை டயாலிசிஸுக்குப் போன பிறகும் பேசும் குடும்பங்கள் நமக்குத் தெரியும். இருபது வயதில் கழுத்தைப் பற்றிப் பேசும் குடும்பம் எத்தனை?

நம் வகுப்பில் திருக்குறள் படிக்கிறோம். 'மருந்து' என்ற 95ஆம் அதிகாரத்தை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். பத்துக் குறளில் ஆறு சாப்பாட்டைப் பற்றியவை: செரித்த பின் உண், பசித்து உண், அளவாக உண். மருத்துவன் செய்ய வேண்டிய வேலைக்கும் வள்ளுவர் ஒரு வரிசை வைக்கிறார். நோய் எது என்று கண்டுபிடி, அதன் காரணத்தைத் தேடு, தணிக்கும் வழியைப் பார், பிறகு செய். நாம் முதல் மூன்றையும் விட்டுவிட்டு நேரே எலுமிச்சம்பழத்தோடு நான்காவதில் இறங்குகிறோம்.

சரி, போனால் என்ன நடக்கும்? அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். பல்கலைக்கழக மாணவர் என்றால் வளாகச் சுகாதார மையம் இருக்கும். எனக்கும் இந்தக் கருமை உண்டு. முடிவெட்டும் கடை அண்ணன்தான் முதலில் காட்டினார். அந்த வாரமே வளாக மையத்துக்குப் போனேன். எடை, உயரம், இடுப்பளவு, இரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஆசியர்களுக்கு இடுப்பு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எட்டினாலே கணக்கில் எடுப்பார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. பிறகு இரவு சாப்பிட்டதோடு சரி, காலையில் வெறும் வயிற்றில் இரத்தம். சர்க்கரை 5.4, சுத்தமான நார்மல். ஆனால் எச்பிஏ1சி 5.8. இது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை. நம் நாட்டு வழிகாட்டியின்படி 5.7 முதல் 6.2 வரை நோய்க்கு முந்திய நிலை, 6.3 தொட்டால் இனிப்பு நீர். டாக்டர் மருந்து எழுதவில்லை. நடக்கச் சொன்னார், மாமாக் கடை தே தாரிக்கைக் குறைக்கச் சொன்னார், ஆறு மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்.

நடந்தால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு: சென்னையை மையமாக வைத்து டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. எல்லாரும் நோய்க்கு முந்திய நிலையில் இருந்த இந்தியர்கள். மூன்றாண்டில், வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் வந்துவிட்டது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களில் 39.3. எல்லாரையும் காப்பாற்றவில்லை, உண்மைதான். ஆனாலும் நூறு பேரில் பதினைந்து பேருக்குமேல் தப்பித்திருக்கிறார்களே!

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. கழுத்துக் கருமையோடு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போவதும், முகத்தில் முடி வளர்வதும், பரு அடங்காததும் சேர்ந்திருந்தால் மூன்றையும் ஒரே மூச்சில் டாக்டரிடம் சொல்லுங்கள். சினைப்பையில் நீர்க்கட்டி என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்தப் பிரச்சினைக்கும் இதே இன்சுலினோடு தொடர்பு உண்டு. தனித்தனியாகச் சொன்னால் தனித்தனியாக கிரீம்தான் கிடைக்கும்.

ஒரு முறை போனால் போதும், அவசரமில்லை என்றேன். அதற்கு விதிவிலக்கு உண்டு. ஒல்லியாக இருப்பவருக்குத் திடீரென்று வந்தாலோ, சில வாரங்களில் வேகமாகப் பரவினாலோ, உள்ளங்கையிலும் வாயிலும் தோன்றினாலோ, காரணமின்றி எடை இறங்கினாலோ தள்ளிப்போடக் கூடாது. அபூர்வமாக உள்ளே ஒரு கட்டி இருப்பதற்கும் அது அறிகுறியாகலாம். அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர் என்றாலும் அந்த வாரமே போய்விடுங்கள். சில மருந்துகளாலும் கருமை வரும். எதையாவது நெடுநாளாகச் சாப்பிட்டு வந்தால் அந்த அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கருமை மறையுமா என்று எல்லாரும் கேட்பார்கள். எடை குறைந்து இன்சுலின் தணிந்தால் மெல்ல மங்கும். மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு முழுதாகப் போகாது.

18 வயது நிரம்பாதவர்கள் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போக வேண்டும். "குளிக்காம இருந்துட்டு டாக்டரா?" என்று அம்மா கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவர் கூட இருப்பது நல்லதுதான். குடும்பத்தில் யார் யாருக்கு இனிப்பு நீர், எத்தனை வயதில் வந்தது என்று டாக்டர் கேட்பார். அந்தக் கணக்கு நம்மைவிட அம்மாவுக்குத்தான் தெரியும்.