பின்கட்டுக்கு ஒரு வாய்க்கால்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் எங்கள் வீடு அகலம் குறைந்தது, நீளம் கூடியது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையற்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய், கடைசியில் தறிக்கூடம். வாசலிலிருந்து அதுவரை ஏறத்தாழ எழுபது அடி. ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்தவர், கம்பி நுழைய வசதி என்று ரேழிச் சுவரிலேயே ரௌட்டரை மாட்டிவிட்டுப் போனார். கூடத்தில் படம் தெளிவாக ஓடியது. தறிக்கூடத்தில் ஒரு வாட்ஸ்அப் படம் திறக்கவே நேரம் பிடித்தது.

இணையம் அதிகம் வேண்டியதோ அந்தத் தறிக்கூடத்தில்தான். வெளியூரில் புடவை கேட்பவர்கள் கோர்வை விழுவதைத் தறியிலேயே பார்க்க விரும்புகிறார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் வைத்து, மூன்று நாடாக்களைக் கொண்டு இரண்டையும் ஊடைக்கு ஊடை கோத்து நெய்வது கோர்வை. அந்த வேலைப்பாடு அசையாத படத்தில் பிடிபடாது. வீடியோ அழைப்பு வேண்டும்.

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ரிப்பீட்டர் வாங்கி, தறிக்குப் பக்கத்திலேயே செருகினோம். போனில் எல்லாக் கோடுகளும் நிறைந்தன. சித்தப்பா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “டவர் ஃபுல்லா காட்டுது, படம் மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது” என்றார்.

அவர் சொன்னது சரி. போனில் தெரியும் கோடுகள், போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலுள்ள பலத்தை மட்டுமே காட்டும். ரிப்பீட்டருக்கும் ரேழியில் உள்ள ரௌட்டருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது அதில் தெரியாது. போதாததற்கு, ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரில் ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை போக வேண்டியிருக்கிறது. வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

அதன் பிறகுதான் அளந்து பார்க்கும் யோசனை வந்தது. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அளக்கும் இலவசச் செயலிகள் உண்டு. அவை டிபிஎம் என்ற அளவில் பலத்தைக் காட்டும். மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகப் பலம் குறைவு. வீடியோ அழைப்புக்கு மைனஸ் 67 அல்லது அதைவிட நல்ல அளவு வேண்டும். எங்கள் வீட்டில் கூடத்தில் மைனஸ் 48, முற்றத்தில் மைனஸ் 66, தறிக்கூடத்தில் மைனஸ் 84. ஒவ்வொரு 10 டிபி குறைவுக்கும் பலம் பத்தில் ஒன்றாகும். அப்படிப் பார்த்தால் முற்றத்தில் இருந்ததில் அறுபதில் ஒரு பங்குதான் தறிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முற்றத்துக்கும் தறிக்கும் நடுவே ஒன்றரை அடிக் கனத்தில் பழைய செங்கல் சுவர், அதை ஒட்டி இரும்பு பீரோ. சுவர் அலையைக் குடித்துவிடும். இரும்பு திருப்பி அடித்துவிடும்.

ரிப்பீட்டரை முற்றத்துத் தூணுக்கு மாற்றினோம். பீரோவை நகர்த்தினோம். ரௌட்டரையும் ரேழியிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்து, ஆள் உயரத்துக்கு மேல் வைத்தோம். செலவே இல்லாத இந்த மூன்று மாற்றங்களில் தறிக்கூடத்துக்கு வாட்ஸ்அப் ஒழுங்காக வந்தது. பலருக்கு இதுவே போதும். இடம் மாற்றிப் பார்க்காமல் யாரும் புதிய கருவி வாங்கக் கூடாது.

வீடியோ மட்டும் இன்னும் திக்கியது. அப்போது நினைவுக்கு வந்தது எங்கள் ஊரின் செப்பேடு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேட்டில், பரமேசுவர தடாகம் என்ற ஏரி பேசப்படுகிறது. அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொண்டுவர வெட்டிய கால்வாய்க்குப் பெரும்பிடுகு என்று பெயர். நீர் வேண்டிய இடம்வரை கால் வெட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் வெட்டாமல் விட்டது அந்தக் கால்தான்.

இணையத்துக்கு அந்தக் கால் ஈதர்நெட் கம்பி. அது 100 மீட்டர் வரை தாங்கும். எங்களுக்கு 30 மீட்டர்கூட வேண்டியிருக்கவில்லை. கேட் 6 கம்பி வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பி வளைத்தால் எளிதில் முறியும். உள்ளே இருக்கும் எட்டு இழைகளையும் முறைப்படி இணைக்க வேண்டும். நான்கு மட்டும் சேர்ந்தால் வேகம் 100 மெகாபிட்டில் நின்றுவிடும். பிவிசி குழாயில் போட்டு, மின்கம்பி போகும் குழாயிலிருந்து தள்ளிக் கொண்டுபோனோம். முற்றம் திறந்தவெளி என்பதால் வெயில் தாங்கும் உறை. கொல்லையில் தனிக் கட்டடம் இருப்பவர்கள் அதுவரை செம்புக் கம்பி இழுப்பதைவிட ஃபைபர் இழுப்பது நல்லது. இடி மின்னல் காலத்தில் அதன் வழியே மின்சாரம் பாயாது.

கம்பியின் மறுமுனைக்குப் புதிதாக எதுவும் வாங்கவில்லை. பரணில் கிடந்த பழைய ரௌட்டரே, கம்பியில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் அக்சஸ் பாயிண்ட் ஆனது. அதன் முகவரியை 192.168.1.1 என்பதிலிருந்து 192.168.1.2 என்று மாற்றி, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி வசதியை நிறுத்தி, கம்பியை அதன் லேன் துளையில் செருகினோம். நிறுத்தாமல் விட்டால் இரண்டு ரௌட்டர்களும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும், போன்கள் குழம்பும். பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றே. சானல் மட்டும் வேறு: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்றுதான். கூடத்துக்கு 1, தறிக்கு 11.

சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அந்த மூன்றிலும் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் நெருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம். 2018-இல் இந்தியாவில் அந்தப் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. சுவரைத் தாண்டுவதில் அது பலவீனம். ஆனால் கருவி அதே அறையில் இருக்கும்போது அந்தக் குறை தெரியாது.

சுவரைத் துளைக்க முடியாத வாடகை வீட்டில் மெஷ் கருவிகள் உதவும். தமக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை வைத்திருக்கும் மூன்று பட்டை மாதிரியைத் தேர்ந்தெடுத்து, நல்ல பலம் இருக்கும் நடுவழியில் வைக்க வேண்டும். வீட்டு மின்கம்பி வழியாகவே இணையம் அனுப்பும் கருவியும் உண்டு. மும்முனை இணைப்புள்ள வீட்டில் இரண்டு அறைகளும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் அது சரிவர வேலை செய்யாது.

குழித்தறியில் உட்கார்ந்தால் நெய்பவரின் மடி தரையளவில் இருக்கும். மேலே ஜக்கார்டு பெட்டியும் சட்டங்களும் மறைக்கும். அதனால் அக்சஸ் பாயிண்ட்டைத் தறிக்கு நேர் மேலே வைக்காமல் எதிர்ச் சுவரில் ஏழடி உயரத்தில் மாட்டினோம். தறிக்குழியில் இப்போது மைனஸ் 45.

போன வாரம் ஒரு கல்யாணப் புடவைக்கு வீடியோ அழைப்பு வந்தது. சித்தப்பா மூன்று நாடாக்களையும் மெதுவாகக் கடத்தி, கரை உடலோடு கோக்கும் இடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார். இருபது நிமிடத்தில் ஒரு முறைகூட அறவில்லை. அடுத்தது மொட்டைமாடி அறை, குழாய்க்கு அளவெடுத்தாயிற்று.