குடலை ஏமாற்றும் காலராக் கிருமி

வாந்திபேதி என்று சொல்லி ஊரே நடுங்கிய நோய் காலரா. நோய் கடுமையாகக் கண்டவர் மணிக்கு 1 லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும். காலையில் நன்றாக நடமாடியவர், கண் குழிவிழுந்து, நாடி தளர்ந்து, இரவுக்குள் இறந்துவிடுவதும் உண்டு. இதற்குக் காரணம் காற்புள்ளி போல் வளைந்த ஒரு பாக்டீரியா. ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் இதைத் தனியே பிரித்து வளர்த்தார்.

ஆனால் ஒரு புதிர் நின்றது. இக்கிருமி இரத்தத்தில் புகுவதில்லை. குடலின் உட்சுவரைத் துளைப்பதுமில்லை. அப்படியானால் இவ்வளவு நீர் எப்படிக் கொட்டுகிறது?

விடை கண்டவர் கல்கத்தா மருத்துவர் சம்பு நாத் டே. நோய் குடலில் இருக்கும்போது நச்சை வேறெங்கோ செலுத்திப் பார்ப்பானேன் என்று அவர் எண்ணினார். கிருமிகள் வளர்ந்த திரவத்தை வடிகட்டிக் கிருமிகளை நீக்கினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனைகளிலும் கட்டி, அதனுள் அத்திரவத்தைச் செலுத்தினார். கட்டிய பகுதி நீர் நிரம்பி வீங்கியது! உள்ளே கிருமி ஒன்றுகூட இல்லை; அது சுரந்த நச்சே போதுமானதாக இருந்தது. இம்முடிவு 1959-இல் வெளிவந்தது. எளிய கருவிகளைக் கொண்டு இவ்வளவு பெரிய உண்மையைக் கண்டது வியப்புக்குரியது.

அந்த நச்சு என்ன செய்கிறது? குடற்சுவரின் செல்கள் தேவைக்கேற்ப உப்பையும் நீரையும் குடலுக்குள் விடுகின்றன; தேவை தீர்ந்ததும் நிறுத்திக்கொள்கின்றன. நச்சு செல்லினுள் நுழைந்து, 'விடு' என்னும் கட்டளையை நிறுத்த முடியாதபடி செய்துவிடுகிறது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் திருகைக் கழற்றிச் சென்றாற்போல! செல் சாகவில்லை, தன் வேலையைத்தான் ஓயாமல் செய்கிறது.

இங்குதான் நமக்கொரு வழி கிடைக்கிறது. அதே குடற்சுவரில் வேறொரு வாயிலும் உண்டு. குளுக்கோஸும் உப்பிலுள்ள சோடியமும் சேர்ந்து வந்தால், இரண்டையும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும், நீரும் பின்தொடரும். இவ்வாயிலை நச்சு கெடுப்பதில்லை. உப்பு நீரில் சர்க்கரை சேர்ப்பது ருசிக்காக என்று நினைத்தீர்களா? சர்க்கரையில் உள்ள குளுக்கோஸ்தான் உப்புக்கு அனுமதிச் சீட்டு!

1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனபிஸ் குளுக்கோஸும் உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். 100-க்கு 30 பேர் வரை இறந்த நிலை மாறி, இறப்பு 100-க்கு 4-க்கும் கீழே இறங்கியது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இந்த முறையில் பிறந்ததே. பொட்டலம் கைவசம் இல்லையானால், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கரைக்கலாம். அளவு முக்கியம். சர்க்கரை கூடினால், அது குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. குடித்தும் தேறாமல் சோர்ந்து கிடப்பவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வழியிலும் புகட்டிக்கொண்டே போகலாம்.