ஸ்விட்சுக்கு ஐபி கொடுத்தாச்சு, பிங் ஏன் போகல?

நெட்வொர்க் லேப்ல நம்மில் பலர் செய்யும் முதல் தப்பு: ஸ்விட்ச்சின் ஒரு போர்ட்டுக்குள் போய் ஐபி அட்ரஸ் கொடுக்கப் பார்ப்போம். சிஸ்கோ 2960 அதை ஏற்காது. அது லேயர் 2 ஸ்விட்ச். அதன் போர்ட்டுகள் மேக் அட்ரஸைப் பார்த்து ஃபிரேமை அனுப்புகின்றன. அந்த வேலைக்கு ஐபி தேவையே இல்லை.

ஐபி தேவைப்படுவது நமக்குத்தான். ஸ்விட்ச் மூன்றாவது மாடியில் இருந்தால், ஒவ்வொரு தடவையும் கன்சோல் கேபிளோடு படி ஏற முடியுமா? எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக ஒரு முகவரி வேணும். அதை வீலேனுக்குக் கொடுக்கிறோம். இதற்குப் பெயர் எஸ்விஐ, அதாவது ஸ்விட்ச் விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ்.

நிர்வாகத்துக்கு வீலேன் 99 என்று வைத்துக்கொள்வோம். கான்ஃபிக் மோடில் அடிக்க வேண்டிய வரிசை:

1. வீலேன் 99
2. இன்டர்ஃபேஸ் வீலேன் 99
3. ஐபி அட்ரஸ் 192.168.99.2 255.255.255.0
4. நோ ஷட்டவுன்
5. எக்ஸிட்
6. ஐபி டீஃபால்ட்-கேட்வே 192.168.99.1

இப்போ 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்' போட்டுப் பாருங்க. ஸ்டேட்டஸ் அப், புரோட்டோகால் டவுன் என்று வருதா? ஐபி-யைத் திரும்பத் திரும்ப அடிக்காதீங்க, தப்பு அங்கே இல்லை. இரண்டைச் சரிபாருங்க. முதலாவது, வீலேன் 99 உண்மையிலேயே உருவாகியிருக்கா? இரண்டாம் வரி மட்டும் போட்டால் வீலேன் உருவாகாது. இரண்டாவது, அந்த வீலேனில் உயிரோடு ஒரு போர்ட்டாவது இருக்கா? 99-இல் சேர்த்த ஆக்சஸ் போர்ட்டோ, 99-ஐச் சுமக்கும் ட்ரங்க்கோ அப்பில் இருந்தால்தான் எஸ்விஐ எழுந்து நிற்கும்.

அதே நெட்வொர்க்கில் பிங் போகுது, வெளியிலிருந்து போகலையா? பெரும்பாலும் ஆறாம் வரி விட்டுப்போயிருக்கும்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. தூரத்திலிருந்து எஸ்எஸ்எச்-இல் நுழைந்து அதே ஐபி-யை மாற்றுவது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவது மாதிரி. அதனால் முதலில் கான்ஃபிக்கை சேவ் பண்ணிட்டு, 'ரீலோட் இன் 10' கொடுங்க. பிறகு ஐபி-யை மாற்றுங்க. புது ஐபி-யில் நுழைய முடிந்தால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்து, திரும்ப சேவ் பண்ணுங்க. முடியலைன்னா கவலை வேண்டாம். பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகி, பழைய ஐபி-யோடு திரும்பி வரும். மாடிப்படி ஏறும் வேலை மிச்சம்!