மார்கழியில் மீன் ஏன் கடிக்கவில்லை?

சென்ற மார்கழியில் பேரனுடன் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து விடியுமுன் கிளம்பி, ஊருக்கு வெளியே ஓர் ஏரியில் தூண்டில் போட்டேன். எட்டு மணிவரை தக்கை அசையவில்லை. "தாத்தா, ஏரியில் மீனே இல்லையா?" என்றான்.

மீன் இருக்கிறது, பசிதான் இல்லை. தண்ணீரின் சூடே மீனின் உடற்சூடு. நெருப்பைத் தணித்து நிறுத்திய நீராவி இன்ஜினுக்கு நிலக்கரி அதிகம் வேண்டாம், மீனும் அப்படித்தான். ஜிலேபிக் கெண்டை, நீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் இரையைக் குறைக்கும். 16 வந்தால் அநேகமாக நிறுத்திவிடும். ஆகவே குளிர்காலத்தில் வெயில் ஏறிய பின், சிறிய இரை கோத்துப் போடுங்கள். எங்களுக்கும் பத்து மணிக்குத்தான் தக்கை அமிழ்ந்தது.

குளிர்நீரில் ஒரு நன்மையும் உண்டு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். கோடையில் சாக்கடையும் கலந்தால் அதுவும் தீர்ந்துபோகும். 2016 மார்ச்சில் நம் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தது பிராணவாயு இல்லாமல்தான்.

குழந்தைகளே, எந்த ஏரிக்குப் போனாலும் தூண்டிலை எடுக்குமுன் தண்ணீரை முகர்ந்து பாருங்கள். நாறினால் திரும்பிவிடுங்கள்.