எரிமலை வெடித்தாலும் ஹோட்டல் அறை உண்டு

நம்பிக்கை: இயற்கைச் சீற்றத்தால் விமானம் ரத்தானால் நிறுவனம் எதுவும் தர வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் இதை நம்பி, கைக்குழந்தையோடு விமான நிலைய நாற்காலியிலேயே இரவைக் கழிப்பது மனதை வருத்துகிறது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய வான்வழியை மூடியபோது சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. போர்ச்சுகலின் ஃபாரோ நகரில் சிக்கி, ஒரு வாரம் கழித்தே டப்ளின் திரும்பிய பயணி ஒருவர், சாப்பாடு, தங்கல், போக்குவரத்துக்கு ஆன சுமார் 1,130 யூரோவைக் கேட்டு ரையன்ஏர் விமான நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். ஐரோப்பிய நீதிமன்றம் 2013 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது: காரணம் எரிமலையே ஆனாலும் பயணியைக் கவனிக்கும் கடமை நீங்காது, அதற்கு நாள் கணக்கோ தொகை வரம்போ கிடையாது. செலவு நியாயமானதாக, அவசியமானதாக இருந்தால் போதும். ஆகவே ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

குழப்பம் எங்கே பிறக்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதியில் இரண்டு தனித்தனி உரிமைகள் உள்ளன. 250 முதல் 600 யூரோ வரையிலான இழப்பீடு ஒன்று. எரிமலை, கடும்பனி போன்ற அசாதாரணச் சூழலில் அது கிடைக்காது. சாப்பாடு, அறை, அறைக்குப் போய்வர வண்டி ஆகியவை மற்றொன்று. அவை எப்போதும் உண்டு. கவுன்ட்டரில் ‘இழப்பீடு கிடையாது’ என்றதும், அறையும் கிடையாது என்று நினைத்துத் திரும்பிவிடுகிறோம்.

நம்பிக்கை: ஐரோப்பா போகும் எந்த விமானத்துக்கும் இந்த விதி பொருந்தும்.

பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதானாலும் விதி உண்டு. சென்னையிலிருந்து கிளம்பினால், ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருக்க வேண்டும். வளைகுடா நிறுவனத்தில் ஒரே டிக்கெட்டில் தோஹா வழியாக ஃபிராங்க்ஃபர்ட் திரும்புகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. லண்டன்வாசிகள் கவலைப்பட வேண்டாம். ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் பிரிட்டன் ஏறக்குறைய இதே விதியைத் தன் சட்டமாக வைத்திருக்கிறது.

நம்பிக்கை: உடனே ரீஃபண்ட் வாங்கிவிடுவதே நல்லது.

ஊரில் கல்யாணமோ காரியமோ காத்திருந்தால் அவசரப்படாதீர்கள். பணம் திரும்ப வேண்டுமா, மாற்று விமானம் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. ரீஃபண்டைத் தேர்ந்தெடுத்த கணமே உங்களை ஊர் கொண்டுசேர்க்கும் பொறுப்பும், அதுவரை அறையும் சாப்பாடும் தரும் பொறுப்பும் நிறுவனத்தை விட்டு விலகிவிடும். அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்குவது உங்கள் தலையில் விழும்.