வழிபாடும் நல்லுறக்கமும்



"சாமி கும்பிட்டுவிட்டுப் படு, நல்லா தூக்கம் வரும்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இதில் எவ்வளவு உண்மை உண்டு? ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில், படித்து அறிந்தவற்றை இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

ஆலயம் காட்டும் ஒழுங்கு

நம் கோயில்களில் இறைவனுக்கே உறங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் வகுத்துள்ளனர். விடியலில் திருப்பள்ளியெழுச்சி, இரவில் அர்த்தசாமப் பூசை. மதுரையில் ஒவ்வோர் இரவும் சொக்கநாதப் பெருமான் பல்லக்கில் அன்னை மீனாட்சியின் பள்ளியறைக்கு எழுந்தருளுகிறார். அதிகம் உறங்குபவனுக்கும் உறங்காமலே இருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்பது பகவத் கீதை ஆறாம் அத்தியாயத்தின் கருத்து.

சிடாம் கிரி வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்ததும் இந்த ஒழுங்கில்தான். வெயில் ஏறுமுன் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். ஆகவே இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். மாலையில் மாரியம்மனுக்கு விளக்கேற்றியபின் லயங்கள் சீக்கிரமே அடங்கிவிடும். இன்றோ நம் பிள்ளைகள் பலர் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கின்றனர். உறக்கம் சிதறிய காலம் இது.

ஆய்வுகள் கூறுவது

சமய ஈடுபாடு உள்ளவர்களின் உறக்கம் பொதுவாக மேம்பட்டிருப்பதாக அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல் தொகுத்துரைத்தனர். அங்கே 74,534 பெண்களை நெடுங்காலம் கவனித்த ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. வாரத்தில் ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குச் சென்றவர்களின் இறப்பு விகிதம், செல்லாதவர்களைவிட 33 விழுக்காடு குறைவு. இவை வழிபாடே காரணம் என்று முற்றாக நிறுவுவன அல்ல. எனினும் காரணங்களைச் சிந்திக்க இடமுண்டு.

முதலாவது, மூச்சு. 2001இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டி குழுவினர் 23 பேரை மந்திரமும் கிறிஸ்துவ செபமாலையும் ஓதச் செய்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு முறையாக நிதானப்பட்டது. இதயத் துடிப்பும் அதற்கு இசைந்தது. நாமஜபத்தின் பயனும் இதுவே.

இரண்டாவது, துணை. பிள்ளைகள் வெளியூர் சென்றபின் தனித்திருக்கும் முதியவருக்கு, "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்க ஓர் ஆள் ஆலயத்தில் இருக்கிறார்.

மூன்றாவது, பாரத்தை இறக்கி வைத்தல். கடனையும் கவலையையும் படுக்கைக்குக் கொண்டு போகாமல் அம்பாள் சன்னிதியில் விட்டு வருவது.

எச்சரிக்கை இரண்டு

பக்தி பயமாகிவிடக் கூடாது. "சாமி என்னைத் தண்டிக்கிறது, கைவிட்டுவிட்டது" என்று எண்ணிய முதிய நோயாளிகள் பலரின் ஆயுள் குறைந்ததாக 2001இல் பார்கமெண்ட் என்னும் உளவியலாளரின் ஆய்வு தெரிவித்தது. தோஷம், சாபம் என்று பிறரை மிரட்டுவது அவருடைய உறக்கத்தைத் திருடுவதாகும்.

அடுத்து, பலத்த குறட்டையும் இடையில் மூச்சுத் திணறலும் உடையவர்கள், வாரக்கணக்கில் உறக்கம் வராதவர்கள் மருத்துவரை நாட வேண்டும். அர்ச்சனை செய்யுங்கள், மருந்தையும் உட்கொள்ளுங்கள்.

நாம் செய்ய வேண்டுவது

1982 ஜனவரி முதல் நாள் நம் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் கெடாவில் சூரியன் உதிக்க ஏழு மணிக்கு மேலாகிறது. பள்ளிப் பிள்ளையோ ஆறு மணிக்கு, இருட்டிலேயே எழ வேண்டும். ஆறு முதல் பதின்மூன்று வயது வரையுள்ளோருக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் தேவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்பது மணிக்கே அது படுத்தாக வேண்டும். பள்ளி நாளில் பதினொரு மணி வரை ஒலிபெருக்கி முழங்கினால், படுக்கும் நேரம் போக மீதம் ஏழு மணி நேரமே. வழிபாடு தந்த அமைதியை ஆலயமே பறித்ததாகிவிடும்.

ஆகவே உபயக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உபயத்தைப் பள்ளி நாள்களில் ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் நிறைவு செய்யுங்கள். ஒலிபெருக்கியின் சத்தம் ஆலய மதிலைத் தாண்ட வேண்டாம். அடுத்த வீட்டில் இரவு ஷிப்ட் முடித்தவர் பகலில் உறங்கக்கூடும். நள்ளிரவு கடந்தும் கண்விழிக்க மகா சிவராத்திரி இருக்கிறது. அது ஆண்டில் ஓரிரவுதான். வீட்டில் நாள்தோறும் ஒரே நேரத்தில் விளக்கேற்றி, பத்து நிமிடம் குடும்பத்தோடு அமர்ந்து, தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கிவிட்டுப் படுக்கச் செல்லுங்கள்.

கோபுரம் எழுப்ப வழங்கும் கைகள், அதன் நிழலில் வாழ்வோரின் உறக்கத்தையும் காக்கட்டும். அதுவும் ஒரு திருப்பணியே. எல்லாம் வல்ல அன்னை அனைவருக்கும் நல்லுடலும் நன்மனமும் அருள்வாளாக.