பூனையின் துயில்

வீட்டுப் பிராணிகளுள் பூனையைப் போல வசைச்சொற்கு ஆளாயது பிறிதொன்றில்லை. உண்டு உறங்குதலன்றி வேறு தொழில் அறியாதது என்பதே அதனைப் பற்றிப் பலருடைய கொள்கை. சென்ற விடுமுறையில் குந்தாரப்பள்ளியில் உறவினர் இல்லமொன்றிற் சில நாள் தங்கியிருந்த நாம், அவ்வீட்டுப் பூனை உறங்கும் வகையை உற்றுநோக்கும் வாய்ப்புப் பெற்றோம். அங்குக் கண்டனவற்றையும் நூல்வாயிலாகக் கற்றனவற்றையும் ஈண்டு ஒருங்கே எழுதப் புகுகின்றோம்.

குந்தாரப்பள்ளி, கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே நெடுஞ்சாலையை அடுத்துள்ள ஊர். வெள்ளிக்கிழமைதோறும் கூடும் கால்நடைச் சந்தையாற் பெயர் பெற்றது. கன்னட நாட்டெல்லை அணித்தாதலின், தெருவிற் செல்லும் ஒரே பிராணியைத் தமிழர் பூனை என்றும், தெலுங்கர் பில்லி என்றும், கன்னடர் பெக்கு என்றும் கூறுவர். நண்பகலில் எம்மொழியால் அழைத்தாலும் அது எழுந்து வருவதில்லை என்பது வேறு!

வளர்ந்த பூனை நாளொன்றுக்கு ஏறக்குறைய 12 முதல் 16 மணி நேரம் உறங்குகின்றது. சந்தைக்கு வரும் மாடோ 4 மணி நேர உறக்கத்துடன் அமைவதாகும். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உணவேயெனலாம். புல்லிற் சத்துக் குறைவு. ஆதலின் மாடு பகலிரவென்னாது மேய்தலும் அசைபோடுதலும் செய்தே தன் வயிற்றை நிரப்ப வேண்டும். பூனையோ ஊனுண்ணும் பிராணி. பதுங்கியிருந்து ஒரே பாய்ச்சலில் தன் வலிமையனைத்தையும் செலவிடுவது. பாயாத நேரத்தில் அவ்வலிமையைச் சேமித்து வைத்தல் அதற்கு இன்றியமையாதது. எலி நடமாடும் வைகறையும் அந்தியுமே அதன் தொழிற்காலம். கேழ்வரகு மூட்டை அடுக்கிய அறையில் விடியலுக்கு முன் அஃது உலவுதலை நாம் கண்டோம். நாம் எழுந்து நோக்கும்பொழுது அதன் வேலை முடிந்துவிடுகின்றது. எனவே அதன் ஓய்வு மட்டுமே நம் கண்ணிற் படுகின்றது.

இனி, அவ்வுறக்கமும் ஒரு தன்மையதன்று. பெரும்பகுதி, நாம் கோழித்தூக்கம் என்போமே, அத்தகையது. கால்களை உள்மடக்கி, தலையை நிமிர்த்தியவாறே கண் மூடியிருக்கும். ஆனால் அடுத்த அறையில் ஒரு தட்டு ஒலித்தால் செவி அத்திசை திரும்பும். சிறிது நேரம் சென்றபின் அது பக்கவாட்டிற் சாய்ந்து, கழுத்துத் தளர்ந்து, ஆழ்ந்த துயிலில் வீழும். அப்பொழுது மூடிய இமைக்குள் விழிகள் உருளும், மீசை துடிக்கும், பாதங்கள் வெட்டியிழுக்கும்.

ஒருநாள் இத்துடிப்பைக் கண்ட அவ்வீட்டுப் பாட்டியார், “ஐயோ, பூனைக்கு வலிப்பு வந்துவிட்டது, ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வா, தம்பி!” என்று பதறினார். நாம் அவரைத் தடுத்து, பூனையை மெல்லப் பெயர் சொல்லி அழைத்தோம். அது கண் விழித்து, எம்மை வெறுப்புடன் நோக்கிவிட்டு, மறுபுறம் புரண்டு படுத்தது. வலிப்பாயின் உடல் விறைக்கும், அழைத்தாலும் தெளியாது. ஆழ்துயிலாயின் அழைத்த அளவில் விழிக்கும். பாட்டியார்க்கு இவ்வேறுபாடு விளங்கியது. பூனையும் நனையாது தப்பியது.

இத்துடிப்புத் துயிலைப் பற்றி மனிதர் அறிந்தது பெரும்பாலும் பூனைகளிடமிருந்தே. மனிதரிடத்து இத்தகைய துயில் உண்டென்று 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளெயிட்மனும் எடுத்துக்காட்டினர். 1959-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் மிஷேல் ழூவே என்பார் பூனைகளை ஆராய்ந்து, அந்நேரத்தில் மூளை விழித்திருப்பது போலவே இயங்க, கழுத்துத் தசைகள் முற்றும் சோர்ந்துவிடுதலைக் கண்டு, அதற்கு முரண்துயில் எனப் பொருள்படும் பெயரிட்டார். தசைகளை அவ்வாறு கட்டிவைக்கும் மூளைத்தண்டின் சிறு பகுதியைச் சிதைத்தபொழுது, உறங்கும் பூனை எழுந்து நின்று, இல்லாத இரையைப் பதுங்கித் தொடர்ந்து பாய்ந்ததாம். பூனை வேட்டையைக் கனவு காண்கின்றது என்று கருதுதற்கு இதுவே ஆதாரம். இவ்வறிவிற்காக அவ்வாயில்லாப் பிராணிகள் கொடுத்த விலையை எண்ணுங்கால் நம் நெஞ்சு சற்றுக் கூசுகின்றது.

எங்கே உறங்குகின்றது என்பதும் கவனித்தற்குரியது. வறுமையுற்ற இல்லத்தைக் குறிக்க, ‘அடுப்பில் பூனை தூங்குகிறது’ என்பர் நம்மவர். சோறு சமையாமையைச் சுட்ட எழுந்த இவ்வழக்கிற் பூனையின் இயல்பும் நன்கு பதிந்துள்ளது. முப்புறமும் மறைந்து, சாம்பலின் மெல்லிய சூடு எஞ்சிய இடம் அதற்கு அடுப்பைப் போல் வேறெங்குக் கிட்டும்? வீட்டுப் பூனையின் முன்னோர் வெப்ப நாடுகளில் வாழ்ந்த காட்டுப்பூனைகள். 30 முதல் 38 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பமே அதற்கு உடல் வருந்தாத நிலை. நமக்குப் புழுக்கமாவது அதற்கு இதமாகின்றது.

இந்நாளில் விறகடுப்புப் பல இல்லங்களில் மறைந்து, எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. பூனையின் விருப்பமோ மாறவில்லை. மார்கழிக் குளிரில் அது மறைவும் சூடும் ஒருங்கேயுள்ள வேறிடம் தேடுகின்றது. நெடுஞ்சாலையோர ஊர்களில் அவ்விடம், இரவு வந்து நிற்கும் வண்டியின் எஞ்சினே. நாம் தங்கிய இல்லத்துப் பூனை ஈன்ற மூன்று குட்டிகளுள் ஒன்று அவ்வாறு காருக்குள் ஏறி உறங்கிற்று. விடியலில் வண்டியைக் கிளப்பியபொழுது எழுந்த சிறு குரலை எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் மூடியைத் திறந்து கண்ட மாமா, அன்று காலை உணவருந்தாமலே பணிக்குச் சென்றார். மூன்று நாள் தாய்ப்பூனை அக்காரைச் சுற்றிச் சுற்றி வந்தது; அதன் வழக்கமான உறக்கமும் குலைந்தது.

அதன்பின் அவ்வில்லத்தில் இரண்டு ஏற்பாடுகள் செய்யப்பெற்றன. பழஞ்சாக்கு விரித்த மரப்பெட்டியொன்று, ஒரு பக்கம் மட்டும் திறந்ததாக, சமையலறை மூலையில் வைக்கப்பட்டது. மாமாவும் நாள்தோறும் வண்டியில் ஏறுமுன் அதன் முன்மூடியை உள்ளங்கையால் இருமுறை தட்டி, சற்றே காத்திருந்து, பின்னரே சாவியைத் திருப்புகின்றார். நாம் புறப்பட்ட நாளன்று அவ்வாறு தட்டியபொழுது, சக்கரத்தின் மேலிருந்து ஒரு பூனை குதித்தது. அவ்வீட்டுப் பூனையன்று, அடுத்த தெருவினது. உடலை நீட்டி நெளித்துக் கொட்டாவி விட்டு, வேலியோரமாக நடந்து சென்றது.